பள்ளி மாறும் முன் பாஸைப் பாருங்கள்

கோலாலம்பூரில் ஓர் அனைத்துலகப் பள்ளியில் இயற்பியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான், 2024-இல் இதே ஊரில் வேறொரு பள்ளிக்கு மாறினேன். அதிலிருந்து அடிக்கடி யாராவது அழைக்கிறார்கள். "அக்கா, வேற ஸ்கூல்ல ஆஃபர் வந்திருக்கு. இங்க ரிசைன் பண்ணிடலாமா?" மதுரை, திருச்சியிலிருந்து வந்து ஈப்போவிலும் ஜொகூரிலும் பினாங்கிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்கள். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதீர்கள். முதலில் மலேசியா தரும் வேலை அனுமதியான பாஸ் விஷயத்தைப் பாருங்கள்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ் நம் பெயரில் வருகிறது, அதனால் அது நமக்குச் சொந்தம் என்று தோன்றுகிறது. ஆனால் விண்ணப்பித்து வாங்கியது பள்ளி. இன்ன நிறுவனத்தில், இன்ன பதவியில், இன்ன தேதிவரை வேலை செய்யலாம் என்பதுதான் அந்த அனுமதி. பள்ளி மாறினால் அது கூடவே வராது. பழையது ரத்தாக வேண்டும், புதிய பள்ளி முதலிலிருந்து விண்ணப்பித்துப் புதியது வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளிதான் ஆசிரியர்களைப் போட்டு அலைக்கழிக்கிறது. சம்பளம், வாடகை வீடு, பிள்ளையின் படிப்பு எல்லாம் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அந்த இடைவெளியை எவ்வளவு குறுக்க முடியும் என்பதை வைத்தே மற்ற எல்லாத் தேதிகளையும் முடிவு செய்ய வேண்டும்.

புதிய பள்ளி தன் பக்கம் என்னென்ன செய்ய வேண்டும் என்று நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. வேலை கொடுப்பவரிடம் எப்படி இதையெல்லாம் கேட்பது என்ற தயக்கம். கேட்கத்தான் வேண்டும். பள்ளி முதலில் குடிநுழைவுத் துறையில் வெளிநாட்டு வல்லுநர்களுக்கான இஎஸ்டி பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். எந்தெந்தப் பதவிக்கு எத்தனை வெளிநாட்டவரை எடுக்கப்போகிறது என்று முன்கூட்டியே அங்கே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அலுவலகத்தில் இதைப் புரொஜெக்‌ஷன் என்பார்கள். பள்ளிக்கூடம் என்றால் கல்வி அமைச்சின் ஆதரவுக் கடிதம், கல்லூரி பல்கலைக்கழகம் என்றால் உயர்கல்வி அமைச்சின் கடிதம். இவையெல்லாம் கையில் இருந்தால்தான் பாஸ் விண்ணப்பம் நகரும்.

பாஸ் கிடைத்துவிட்டால் வகுப்புக்குள் போய்விடலாம் என்றும் இல்லை. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆசிரியராக இல்லாதவர் பாடம் நடத்தக் கற்பித்தல் பெர்மிட் வேண்டும். அந்த பெர்மிட்டும் குறிப்பிட்ட பள்ளிக்கு என்றுதான் தரப்படுகிறது. பழைய பள்ளியின் பெர்மிட்டை எடுத்துக்கொண்டு புதிய பள்ளிக்குப் போக முடியாது.

எனக்கு அப்போது இரண்டு பள்ளிகளிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டிலும் நேர்காணல் முடியும்போது ஒரே கேள்விகளைக் கேட்டேன். இந்தப் பதவிக்குப் புரொஜெக்‌ஷனில் இடம் இருக்கிறதா, அமைச்சுக்கு யார் விண்ணப்பிப்பார்கள், போன ஆண்டு வந்த வெளிநாட்டு ஆசிரியர் எந்த மாதம் பாஸ் வாங்கினார்? ஒரு பள்ளியில் முதல்வருக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் உடனே ஹெச்ஆர் அதிகாரியை அழைத்து உட்கார வைத்தார். அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். இன்னொரு பள்ளியில், "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் டீச்சர், கவலப்படாதீங்க" என்றார்கள். சம்பளம் அங்கேதான் கூடுதல். நான் முதல் பள்ளியைத் தேர்ந்தேன், இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாஸ் பற்றித் தெளிவாகப் பதில் சொல்லாத பள்ளி, சிக்கல் வந்தால் அதையும் தெளிவாகச் சொல்லப்போவதில்லை.

சம்பளம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் மாறிய காலத்தில் பாஸ் மூன்று வகை. மாதம் 10,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் வாங்குபவர்கள் முதல் வகை. 5,000 முதல் 9,999 வரை இரண்டாம் வகை. 3,000 முதல் 4,999 வரை மூன்றாம் வகை, அது ஓராண்டுக்கு மேல் கிடைக்காது, புதுப்பித்தலுக்கும் வரம்பு இருந்தது. அப்போது மூன்றாம் வகையில் இருந்தவர் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ சார்ந்தோர் பாஸில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கணக்கில் எடுப்பது அடிப்படைச் சம்பளத்தை. வீட்டுப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் கூட்டிச் சொல்லும் தொகையை அல்ல.

எனக்கு வந்த ஆஃபர் கடிதத்தில் மொத்தத் தொகை 6,000-ஐத் தாண்டியிருந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 5,000-க்குக் கீழே, மீதியெல்லாம் படிகள். அப்படியே கையெழுத்திட்டிருந்தால் என் கணவரும் மகளும் இங்கே தங்கியிருக்க வழியில்லாமல் போயிருக்கும். மொத்தத்தை மாற்றாமல் அடிப்படையை ஏற்றி, படியைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கு அதனால் பெரிய செலவில்லை, செய்து கொடுத்தார்கள். வீட்டில் அப்பா, "சம்பளத்த எப்படி பிரிச்சா என்னம்மா, கைக்கு வர்றது ஒண்ணுதானே" என்றார். ஊரில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். இங்கே ஒரு குடும்பம் சேர்ந்து இருப்பதும் பிரிந்து இருப்பதும் அந்த ஒரு வரியில் இருந்தது.

இந்த வரம்புகள் 2026 ஜூன் 1 முதல் உயர்த்தப்பட்டிருக்கின்றன. முதல் வகைக்கு 20,000, இரண்டாம் வகைக்கு 10,000 முதல் 19,999, மூன்றாம் வகைக்கு 5,000 முதல் 9,999. மொத்தம் எத்தனை ஆண்டு வேலை செய்யலாம் என்பதற்கும் வரம்பு வந்திருக்கிறது: முதல் இரண்டு வகைகளுக்குப் பத்து ஆண்டு, மூன்றாம் வகைக்கு ஐந்து. இந்தியாவிலிருந்து வந்து பள்ளிகளில் வேலை பார்க்கும் பலரின் சம்பளம் 10,000-க்குக் கீழேதான். இத்தனை நாள் இரண்டாம் வகையில் நிம்மதியாக இருந்தவர்கள் இனி மூன்றாம் வகைக்குள் வருகிறார்கள். பள்ளி மாற நினைப்பவர் பழைய எண்களை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது. பிள்ளைகளின் படிப்பைத் திட்டமிடுபவர்கள் அந்த ஐந்து ஆண்டு வரம்பையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சரி, ராஜினாமா. பிரிட்டிஷ் பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளிகளில் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஆண்டு தொடங்கி ஜூன், ஜூலையில் முடியும். ஒப்பந்தத்தில் ஒரு முழுப் பருவம் முன்னறிவிப்பு கேட்பார்கள். அப்படியானால் ஜூலையில் விலக நினைப்பவர் ஏப்ரலுக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு பற்றி ஒன்றுமே இல்லையென்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கணக்குச் சொல்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம். 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சட்டம் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லா ஊழியருக்கும் விரிவாகிவிட்டது, சில பிரிவுகள் மட்டும் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டவர் என்பதால் நமக்குச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பழைய பள்ளி அலுவலகத்தில் கிள்ளானைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். பல வெளிநாட்டு ஆசிரியர்கள் வந்து போனதைப் பார்த்தவர். அவரிடம் மட்டும் முன்கூட்டியே பேசினேன். "லெட்டர் கொடுத்த அன்னிக்கே உங்க தேதி ஓட ஆரம்பிச்சிரும் டீச்சர். அங்க அமைச்சு லெட்டர் வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டு கொடுங்க" என்றார். கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். ஆதரவுக் கடிதத்துக்கான வேலை தொடங்கி, புரொஜெக்‌ஷன் ஒப்புதல் இருப்பதையும் புதிய பள்ளி மின்னஞ்சலில் உறுதி செய்த பிறகே ராஜினாமா கொடுத்தேன், முன்னறிவிப்புக் காலத்துக்குக் குறையாமல்.

அதன் பிறகு வந்தது விடுவிப்புக் கடிதச் சிக்கல். புதிய பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய பள்ளியின் விடுவிப்புக் கடிதம் கேட்பார்கள். பழைய பள்ளி நிர்வாகம், "இயற்பியலுக்கு ஆள் கிடைக்கட்டும், அப்புறம் தருகிறோம்" என்றது. வாரங்கள் போயின. வாய்ப்பேச்சு எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் மின்னஞ்சலில் எழுதினேன்: ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவின்படி முன்னறிவிப்பு கொடுத்தாகிவிட்டது, கடைசி வேலை நாள் இது, ஐஜிசிஎஸ்இ (பிரிட்டிஷ் பாடத்திட்டப் பொதுத்தேர்வு) மாணவர்களின் மே, ஜூன் தேர்வு முடியும்வரை இருப்பேன், ஆய்வகப் பதிவேடுகளை இந்தத் தேதியில் ஒப்படைப்பேன், விடுவிப்புக் கடிதம் இந்தத் தேதிக்குள் வேண்டும். கோபமான ஒரு சொல்கூட அதில் இல்லை. ஆனால் எல்லாம் தேதியோடு இருந்தது. கடிதம் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக அந்த மின்னஞ்சல்களே போதுமான ஆதாரமாக இருந்திருக்கும்.

இதில் பழைய பள்ளியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் வாங்கிய பாஸ் இருக்கும்வரை அந்த ஆசிரியருக்கு அவர்களே பொறுப்பு. வேலையை விட்டுப் போனவரின் பாஸை நீண்ட நாள் விட்டுவைக்க எந்தப் பள்ளியும் விரும்பாது. அதனால் ராஜினாமாவை ஏற்கும் கடிதத்திலேயே இரண்டு தேதிகளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: கடைசி வேலை நாள், பாஸை ரத்து செய்ய விண்ணப்பிக்கும் நாள். புதிய பள்ளியின் ஒப்புதல் வந்த பிறகு ரத்து செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாடு விட்டுப் போகிறவர் என்று ரத்து செய்வதும் வேறு நிறுவனத்துக்குப் போகிறவர் என்று ரத்து செய்வதும் ஒன்றல்ல. எதை எழுதப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

என் விஷயத்தில் பழைய பாஸ் முடிந்த பிறகும் புதியது வரவில்லை. நடுவே ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குத் தருவார்கள், ஒருவருக்கு 100 ரிங்கிட். என் பாஸ் முடிந்தால் அதை ஒட்டி இருக்கும் கணவர், மகள் பாஸும் முடிந்துவிடுகிறது, எனவே மூவருக்கும் எடுத்தோம். ஸ்பெஷல் பாஸ் தங்குவதற்கு மட்டும்தான், வேலை செய்வதற்கு அல்ல. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பவும் முடியாது, நாட்டை விட்டு வெளியேறினால் அதோடு முடிந்தது. அந்தச் சமயத்தில் ஊரில் சித்தி மகள் கல்யாணம். போகவில்லை. மனம் கஷ்டப்பட்டது, ஆனால் போயிருந்தால் எல்லாவற்றையும் வெளியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். சம்பளமே இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டும் அளவுக்குப் பணம் இல்லாமல் யாரும் பள்ளி மாறக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பள்ளிச் சலுகையில் பிள்ளை அதே பள்ளியில் படித்தால், நாம் விலகும்போது அந்த இடமும் போய்விடும். அடுத்த பள்ளியில் இடம் உறுதியாகாமல் இதில் இறங்க வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் (diplomatic clause) என்று ஒரு பிரிவு சேர்ப்பது இங்கே வழக்கம். வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால், பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குப் பிறகு, இரண்டு மாத முன்னறிவிப்போடு வீட்டைக் காலி செய்து வைப்புத் தொகையைத் திரும்ப வாங்க அது வழி செய்யும். வீடு எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய பள்ளியில் ஆசிரியர்களுக்கான அறிமுக வாரம் வந்தது. "சும்மா வந்து உட்காருங்க, பாடம் எடுக்க வேண்டாம்" என்றார்கள். நான் போகவில்லை. பாஸ் வரும்வரை பள்ளி வளாகத்தில் ஊழியராக இருப்பது எந்தப் பெயரில் இருந்தாலும் வேலைதான் என்று சொல்லி, பாடத்திட்டக் கோப்புகளைக்கூடப் பாஸ் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பாஸ் நிபந்தனையை மீறுவது குடிநுழைவு விதிகளின்படி குற்றம். அபராதமும் சிறையும்கூட உண்டு. சோதனை வந்தால் பள்ளி வக்கீல் வைத்துக்கொள்ளும். நமக்கு அடுத்த பாஸே சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

ட்யூஷன் விஷயமும் இதே கதைதான், இதை வெளிப்படையாக யாரும் பேசுவதில்லை. நாம் எங்கே குடியிருந்தாலும், பிரிக்ஃபீல்ட்ஸானாலும் செந்தூலானாலும், கோயிலிலோ கடையிலோ ஒருவர் கேட்டுவிடுவார்: "டீச்சர், என் பையனுக்கு ஃபிசிக்ஸ் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா? மணிக்கு எவ்வளவு வேணும்?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். பாஸ் இல்லாத இடைவெளியில், கையில் பணம் குறையும்போது, அந்தக் கேள்வி மிகவும் இழுக்கும். பாஸ் இருக்கும் காலத்திலும் சரி, இல்லாத காலத்திலும் சரி, சம்பளத்துக்கு வெளியே பாடம் சொல்லித் தர நமக்கு அனுமதி இல்லை. பாஸ் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும். உள்ளூர் ஆசிரியர்கள் செய்கிறார்களே என்றால், அவர்கள் குடிமக்கள். எனக்குத் தெரிந்த நல்ல ஆசிரியர்கள் சிலர் இதில் பயத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏஜெண்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சுற்றுலா வரலாம். "முதல்ல வந்துடுங்க, வேலையில சேர்ந்துடுங்க, பாஸ் பின்னாடி வரும்" என்று இதை வைத்துச் சிலர் ஆசிரியர்களை அழைத்துவருகிறார்கள். சுற்றுலாவாக நுழைந்து வகுப்பு எடுக்கவே கூடாது. ஒப்புதல் கடிதம் கையில் வராமல் ஊரில் வேலையை விடாதீர்கள்.

பாஸ்போர்ட்டைப் பள்ளி அலுவலகம் 'பத்திரத்துக்காக' வாங்கி வைப்பதும் நடக்கிறது. விண்ணப்பத்துக்குத் தேவைப்படும் நாட்களுக்குக் கொடுத்து, ரசீது எழுதி வாங்கி, உடனே திரும்பப் பெறுங்கள். சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் கடவுச்சீட்டை வைத்திருப்பது இங்கே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். திரும்பத் தர மறுத்தால், மொண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் போய்ச் சொல்லலாம்.

வரி. நாட்டை விட்டே போகிற ஊழியர் என்றால் பள்ளி குறைந்தது 30 நாளுக்கு முன்பே சிபி 21 படிவத்தில் வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள்வரை, நமக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். எனவே கடைசிச் சம்பளம் வரவில்லையே என்று உடனே பதற வேண்டாம். படிவம் அனுப்பினார்களா என்று மட்டும் கேளுங்கள். இங்கேயே வேறு பள்ளியில் தொடர்கிறோம் என்றால் அதை எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆகஸ்டில் வந்து சேர்பவர்களுக்கு இன்னொன்று. ஓர் ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால்தான் வரிக் கணக்கில் குடியிருப்பாளர், இல்லையென்றால் வருமானம் எவ்வளவானாலும் ஒரே விகிதமாக 30 சதவீத வரி. ஆகஸ்டு முதல் டிசம்பர்வரை அந்த எண்ணிக்கை வராது. அடுத்த ஆண்டில் தொடர்ச்சியாக 182 நாள் இருந்தால் இரண்டையும் இணைத்துக் குடியிருப்பாளராகக் கருத இடம் உண்டு. ஆனால் இடையில் ஊர் போய் வரும் சொந்தப் பயணங்கள் மொத்தம் 14 நாளுக்குள் இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும்போது இதைப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கு 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கும் கட்டாயப் பிடித்தம் உண்டு, ஊழியர் பக்கம் 2 சதவீதம், முதலாளி பக்கம் 2 சதவீதம். பள்ளி மாறினாலும் கணக்கு எண் அதேதான், புதிய பள்ளியிடம் கொடுத்துவிடுங்கள்.

பழைய பள்ளியை விட்டு வெளியே வரும் முன் அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டுகள், ஆண்டு வரிக்கான இஏ படிவம் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். பின்னால் போய்க் கேட்டால் ஆளே மாறியிருப்பார்கள். வேறு நாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு, குழந்தைகளோடு வேலை செய்பவர் என்பதால், மலேசியாவில் இருந்த காலத்துக்கான நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். அதை இங்கே வெளியுறவு அமைச்சு தருகிறது, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பாஸ் பதிவாகியிருக்கும் பக்கங்களின் நகல் தேவைப்படும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.